சைக்கிளுக்குள் ஒரு லேப்டாப் பேட்டரி

புதிதாக லேப்டாப் வாங்கியிருக்கிறீர்களா? அதை ஷட்டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிடம் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்திலும் சார்ஜரின் மேலும் பொடி எழுத்தில் ஏகப்பட்ட குறிகள் இருக்கும். அவற்றில் ஐ.எஸ். என்று தொடங்கும் ஓர் எண்ணும், ஆர் என்ற ஆங்கில எழுத்துக்குப் பின் எட்டு இலக்கங்களும் இருக்கும். இது இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். கொடுத்த பதிவு எண். இந்தப் பதிவு இல்லாமல் லேப்டாப்பையோ, அதன் அடாப்டரையோ, கையடக்கக் கருவிகளுக்கான லித்தியம் பேட்டரியையோ இந்தியாவில் விற்கக் கூடாது.

இந்தக் குறியை நாம் யாரும் படிப்பதில்லை. படிக்காவிட்டாலும் அது நம்மைக் காப்பாற்றுகிறது. ஆனால் இதே லித்தியம் பேட்டரி ஒரு சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் என்ன ஆகும்? அதற்கு யார் குறி போடுவது? அந்தக் குறியை யார் சோதிப்பது? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் நியூயார்க் நகரம் பல உயிர்களை இழந்த பிறகே பதில் கண்டது. அந்தப் பதில் என்ன என்பதையும், மின்சார சைக்கிள் வாங்க நினைக்கும் நீங்கள் அதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளலாம் என்பதையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

உள்ளே இருப்பது என்ன?

மின்சார சைக்கிளின் பேட்டரிப் பெட்டியைத் திறந்தால் (நீங்கள் திறக்க வேண்டாம்!) உள்ளே ஒரே பேட்டரி இருக்காது. டார்ச் லைட் செல் போன்ற உருளைகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். இவற்றில் பிரபலமான வகைக்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் இந்தப் பெயர். பழைய தடிமனான லேப்டாப்களின் பேட்டரியில் இருந்ததும் இதே உருளைதான். லேப்டாப்பில் ஆறு இருந்தால், சைக்கிளில் நாற்பது, ஐம்பது இருக்கும்.

ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். பத்து செல்களைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட் பேட்டரி கிடைக்கும். பதின்மூன்றை இணைத்தால் 48 வோல்ட் பேட்டரி. இது போன்ற வரிசைகள் நான்கை இணையாகச் சேர்த்தால் சைக்கிள் ஓடும் தூரம் கூடும்.

எவ்வளவு ஆற்றல் என்று கணக்கிடுவது எளிது. வோல்ட்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்கினால் வாட் ஹவர் வரும். 36 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்றால் 360 வாட் ஹவர். சாதாரண லேப்டாப் பேட்டரி 50 வாட் ஹவர் அளவில் இருக்கும். அதாவது ஏழு லேப்டாப் பேட்டரிகளை ஒரே பெட்டிக்குள் வைத்தது போல. விமானப் பயணத்தில் 100 வாட் ஹவர் வரையுள்ள பேட்டரியைத்தான் தாராளமாகக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். சைக்கிள் பேட்டரி அந்த எல்லையையும் தாண்டிவிடுவதால் பயணிகள் அதை எடுத்துச் செல்ல முடியாது. ஆனால் அதே பேட்டரியை வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து இரவு முழுவதும் சார்ஜ் செய்பவர்கள் உண்டு.

ஏன் தீப்பிடிக்கிறது?

லித்தியம் செல்லுக்குள் நேர்முனையும் எதிர்முனையும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கிறது. சுற்றிலும் இருப்பது எளிதில் தீப்பிடிக்கும் திரவம். கீழே விழுந்து நசுங்கினாலோ, அளவுக்கு மேல் சார்ஜ் ஆனாலோ, தயாரிக்கும்போதே உள்ளே உலோகத் துகள் சிக்கியிருந்தாலோ அந்தத் தாள் பழுதாகிவிடும். இரண்டு முனைகளும் தொட்டுக்கொள்ளும். செல் சூடாகும். அந்தச் சூட்டில் உள்ளே வேதிவினைகள் தொடங்கும். அவை மேலும் சூட்டை உண்டாக்கும். இப்படித் தன்னைத் தானே சூடேற்றிக்கொண்டு போவதைத் தெர்மல் ரன்அவே என்பார்கள். ஒரு செல் வெடித்தால் பக்கத்து செல் சூடாகும். அதுவும் வெடிக்கும். நாற்பது செல்லுக்கும் இதே கதிதான். வெளிவரும் புகையில் கார்பன் மோனாக்சைடு போன்ற விஷ வாயுக்களும், எரியக்கூடிய ஹைட்ரஜனும் கலந்திருக்கும்.

இது கம்ப்யூட்டர் உலகத்துக்குப் புதிதல்ல. 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அதே மாதம் ஆப்பிள் நிறுவனமும் 18 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. இரண்டுமே சோனி தயாரித்த செல்கள். உள்ளே சிக்கிய உலோகத் துகள்தான் காரணம் என்று கண்டறியப்பட்டது. ஆனால் அங்கே ஒரு வசதி இருந்தது. செல் யார் செய்தது, எந்த மாடலில் போனது, யார் விற்றது என்ற எல்லாம் பதிவில் இருந்தன. அதனால் திரும்பப் பெற முடிந்தது. பெயரில்லாத பெட்டிக்குள் பெயரில்லாத செல்லை அடைத்து விற்றால் யாரிடம் போய்த் திருப்பிக் கொடுப்பது?

காவல்காரன் பி.எம்.எஸ்.

நல்ல பேட்டரிக்குள் சிறிய சர்க்யூட் போர்டு ஒன்று இருக்கும். பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்று பெயர். சுருக்கமாக பி.எம்.எஸ். உங்கள் கம்ப்யூட்டரில் பிராசஸர் மிகவும் சூடானால் மதர்போர்டு தானாகவே நிறுத்திவிடுகிறது அல்லவா? அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. செல்களின் வோல்டேஜைக் கண்காணிக்கும். 4.2ஐத் தாண்டினால் சார்ஜை நிறுத்தும். மிகவும் குறைந்தால் மோட்டாருக்குப் போகும் இணைப்பைத் துண்டிக்கும். சூடு கூடினாலும், மின்னோட்டம் கூடினாலும் கதவை மூடும்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 36 வோல்ட் பேட்டரிக்கான சார்ஜர் 42 வோல்ட் கொடுக்கும். 48 வோல்ட் பேட்டரிக்கான சார்ஜர் 54.6 வோல்ட் கொடுக்கும். இரண்டின் பிளக்கும் ஒரே மாதிரி இருப்பது உண்டு. வீட்டில் இரண்டு சைக்கிள் இருந்து, சார்ஜர் மாறிப்போனால்? 54.6ஐப் பத்து செல்லுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 5.46 வோல்ட். 4.2க்கு மேல் போகக்கூடாத செல்லுக்கு 5.46! பி.எம்.எஸ். ஒழுங்காக இருந்தால் உடனே துண்டித்துவிடும், ஒன்றும் ஆகாது. மலிவான பேட்டரியில் அது சரியாக வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

ஆகவே செல் மட்டும் நல்லதாக இருந்தால் போதாது. செல், பி.எம்.எஸ்., சார்ஜர், மோட்டார், ஒயர் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். நியூயார்க் கற்ற பாடமும் இதுதான்.

நியூயார்க்கில் நடந்தது

நியூயார்க்கில் மின்சார சைக்கிள்கள் 2020ல்தான் முறைப்படி சட்டபூர்வமாயின. அது கொரோனா காலம். வீட்டுக்கே உணவு வரவழைப்பது பெருகியது. உணவு கொண்டு தருபவர்கள் 60 ஆயிரம் பேருக்கு மேல். பெரும்பாலோர் வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். ஒரு நாள் முழுக்க ஓட்ட ஒரு பேட்டரி போதாது. இரண்டாவது வேண்டும். கம்பெனி பேட்டரி விலை அதிகம். பழைய பேட்டரிகளிலிருந்து பிரித்தெடுத்த செல்களை வைத்துக் கட்டிய பேட்டரி மலிவு. எதை வாங்குவார்கள்? குடியிருக்கும் அறையிலேயே, பல பேர் பல பேட்டரிகளை ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி இரவில் சார்ஜ் செய்தார்கள்.

நகரத் தீயணைப்புத் துறையின் கணக்குப்படி, லித்தியம் பேட்டரியால் ஏற்பட்ட தீ 2019ல் 30. 2023ல் 268. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 18 பேர் இறந்தார்கள். 2022 நவம்பரில் மன்ஹாட்டனில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் 20வது மாடியில் தீப்பிடித்தபோது, தீயணைப்பு வீரர்கள் ஜன்னலுக்கு வெளியே கயிற்றில் தொங்கி ஆட்களை மீட்டார்கள். அந்தத் தீக்கும் லித்தியம் பேட்டரியே காரணம். 2023 ஜூனில் சைனாடவுன் பகுதியில், தரைத்தளத்தில் இருந்த மின்சார சைக்கிள் கடையில் பற்றிய தீ மேலே குடியிருந்த நான்கு பேரைக் கொன்றது. பேட்டரி அவர்களுடையதல்ல.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மோசமான பேட்டரியை வாங்கியவருக்கு மட்டும் ஆபத்து என்றால், அது அவர் பாடு என்று விட்டுவிடலாம். பக்கத்து வீட்டுக்காரரும் மேல்மாடிக் குழந்தையும் சேர்ந்து ஆபத்தில் இருக்கிறார்கள். சட்டம் உள்ளே வருவது இதனால்தான்.

சட்டத்தில் இருந்த ஓட்டை

அமெரிக்காவில் சட்டமே இல்லையா என்று கேட்கலாம். 2002லேயே ஒரு மத்தியச் சட்டம் வந்தது. மிதிக்கக்கூடிய பெடல், 750 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், மோட்டாரால் மட்டும் ஓடினால் மணிக்கு 20 மைலுக்கு (32 கிலோமீட்டர்) உட்பட்ட வேகம். இந்த மூன்றும் இருந்தால் அது மோட்டார் வாகனம் அல்ல, சைக்கிள்தான் என்றது அந்தச் சட்டம். ஆகவே அது நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் வந்தது. ஆணையத்தின் சைக்கிள் விதிகளோ பிரேக், ஃபோர்க், ரிஃப்ளெக்டர் போன்றவற்றைப் பற்றியவை. பேட்டரியைப் பற்றிக் கட்டாய விதி எதுவும் அவற்றில் இல்லை.

2022 டிசம்பரில் அந்த ஆணையம் 2,000க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் கடிதம் எழுதியது. 2021 ஜனவரி முதல் 2022 நவம்பர் வரை இது போன்ற சிறு வாகனங்களால் குறைந்தது 208 தீ அல்லது சூடேற்றச் சம்பவங்களும், 19 மரணங்களும் தங்களுக்குத் தெரிய வந்திருப்பதாகச் சொல்லி, யு.எல். தரத்தைப் பின்பற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டது, அவ்வளவே.

நியூயார்க் நகரம் காத்திருக்கவில்லை. 2023 மார்ச்சில் உள்ளூர்ச் சட்டம் 39 கையெழுத்தானது. செப்டம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தரச் சான்று பெறாத மின்சார சைக்கிள், ஸ்கூட்டர், பேட்டரி எதையும் நகரில் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. கூடவே வந்த சட்டம் 42, பழைய பேட்டரிகளிலிருந்து பிரித்தெடுத்த செல்களைக் கொண்டு புதுப் பேட்டரி கட்டுவதையும் விற்பதையும் தடை செய்தது.

மூன்று எண்கள்

சட்டம் கேட்கும் தரங்கள் மூன்று. இவற்றை நினைவில் வைத்துக்கொண்டால் கடையில் உதவும்.

யு.எல். 2849: மின்சார சைக்கிளின் முழு மின் அமைப்புக்கும் உரியது. பேட்டரி, சார்ஜர், மோட்டார், ஒயரிங் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சோதிக்கிறார்கள்.

யு.எல். 2271: பேட்டரி பேக்குக்கு மட்டும் உரியது.

யு.எல். 2272: நின்றுகொண்டு ஓட்டும் ஸ்கூட்டர் போன்றவற்றுக்கு உரியது.

யு.எல். என்பது அரசு நிறுவனம் அல்ல. 1894ல் மின் தீ விபத்துகளை ஆராயத் தொடங்கப்பட்ட ஒரு சோதனை அமைப்பு. அது எழுதிய தரத்தை வைத்து, அங்கீகாரம் பெற்ற வேறு சோதனைக்கூடங்களும் சான்று தரலாம்.

இங்கே ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சார்ஜரில் மட்டும் யு.எல். முத்திரை இருக்கும். விற்பவர் சைக்கிளுக்கே சான்று இருப்பது போலப் பேசுவார். சாஃப்ட்வேர் சிடியின் உறை ஒரிஜினலாக இருப்பதால் உள்ளே உள்ள சிடியும் ஒரிஜினல் என்று சொல்வதைப் போன்றது இது. அதே போல சி.இ. என்ற முத்திரையையும் பெரிய சான்றாக நினைக்க வேண்டாம். ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டிருக்கிறது என்று பெரும்பாலான பொருள்களில் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்ளும் குறி அது.

ஐரோப்பாவில் மோட்டார் உதவியுடன் மிதிக்கும் சைக்கிளுக்கு இ.என். 15194 என்ற தரம் இருக்கிறது. மோட்டார் 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் மோட்டார் உதவி நிற்க வேண்டும். 2023ல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய பேட்டரிச் சட்டத்தையும் கொண்டுவந்தது. அதன்படி 2027 பிப்ரவரி முதல், சந்தைக்கு வரும் இத்தகைய வாகனப் பேட்டரிகளுக்குக் கம்ப்யூட்டரில் படிக்கக்கூடிய டிஜிட்டல் பாஸ்போர்ட் ஒன்று வேண்டும். யார் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

சட்டத்தால் பயன் உண்டா?

நியூயார்க்கில் 2023ல் 18 ஆக இருந்த மரணங்கள் 2024ல் 6 ஆகக் குறைந்தன. ஆனால் மொத்தத் தீ விபத்துகள் குறையவில்லை. கட்டடங்களுக்குள் பற்றியவை குறைந்தன, வெளியிடங்களில் பற்றியவை கூடின. காரணம் புரிகிறது. சட்டம் புதிதாக விற்பதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே வீடுகளில் இருக்கும் பேட்டரிகளை ஒரே நாளில் மறையச் செய்யாது. ஆனாலும் சார்ஜ் செய்யும் இடம் மாறினால் உயிர் பிழைக்கும்.

இன்னொன்றும் புரிந்தது. நல்ல பேட்டரி வாங்கப் பணம் இல்லாதவரிடம் சட்டப் புத்தகத்தைக் காட்டிப் பயனில்லை. எனவே நகரம் 2024ல் வெளியிடச் சார்ஜ் நிலையங்களைச் சோதனை முறையில் தொடங்கியது. உணவு கொண்டு தருபவர்கள் பழைய பேட்டரியைக் கொடுத்து, சான்று பெற்றதை வாங்கிக்கொள்ளும் திட்டத்தையும் கொண்டுவந்தது. தடையும் உதவியும் சேர்ந்தால்தான் விதி வேலை செய்கிறது.

நம் ஊரில் நிலைமை என்ன?

2022 மார்ச்சில் வேலூர் அருகே வீட்டில் சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அதே சமயத்தில் நாட்டின் வேறு இடங்களிலும் ஸ்கூட்டர்கள் எரிந்தன. மத்திய அரசு நிபுணர் குழு அமைத்தது. ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரித் தரம் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என்று இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. ஒரு செல் பற்றினால் அது மற்ற செல்களுக்குப் பரவி ஆபத்தாவதைத் தடுக்கும் சோதனை, பி.எம்.எஸ். பற்றிய விதிகள், செல் எங்கிருந்து வந்தது என்று தடம் பிடிக்கும் வசதி எல்லாம் அதில் உண்டு.

ஆனால் இது மோட்டார் வாகனங்களுக்கு உரியது. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகமும் கொண்டவை, எடை போன்ற மற்ற நிபந்தனைகளுக்கும் பொருந்தினால், நம் சட்டத்தில் மோட்டார் வாகனம் ஆகா. நம்பர் பிளேட் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். மின்சார சைக்கிள் இந்தப் பிரிவில்தான் வருகிறது. லைசென்ஸ் வேண்டாம் என்பது நமக்கு வசதி. பெரிய வண்டிக்குச் சட்டம் கேட்கும் கேள்விகளைச் சிறிய வண்டிக்கு நாமே கேட்க வேண்டியிருக்கிறது என்பது அதன் மறுபக்கம்.

வாங்கும் முன் கேளுங்கள்

1. பேட்டரியைச் செய்தது யார்? செல்லைச் செய்தது யார்? இரண்டுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். பேட்டரியில் பெயர், வோல்ட், ஆம்பியர் ஹவர், சீரியல் நம்பர் எதுவும் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

2. எந்தத் தரத்தில் சோதிக்கப்பட்டது? எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். சோதனைக்கூடத்தின் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அதில் உள்ள மாடல் நம்பரும் வண்டியில் உள்ள மாடல் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

3. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் சரிபாருங்கள். யு.எல். சான்று என்றால் யு.எல். பிராடக்ட் ஐக்யூ என்ற தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டு தேடலாம். சார்ஜரில் ஆர் எண் இருந்தால் பி.ஐ.எஸ். கேர் என்ற மொபைல் செயலியில் அந்த எண்ணைக் கொடுத்தால் எந்த நிறுவனத்துக்கு உரியது என்று தெரிந்துவிடும்.

4. சார்ஜர் பழுதானால் அதே கம்பெனி சார்ஜரைத்தான் வாங்க வேண்டும். பிளக் பொருந்துகிறது என்பது காரணம் ஆகாது.

5. பழைய செல் போட்டுக் கட்டித் தருகிறேன், பாதி விலை என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வாங்கிய பின் செய்யுங்கள்

வாசல் கதவுக்குப் பக்கத்திலும் மாடிப்படியின் கீழும் வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். தீப்பிடித்தால் வெளியே ஓடும் ஒரே வழி அதுதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள். மெத்தை, துணி, காகிதம் பக்கத்தில் வேண்டாம். எல்லோரும் தூங்கும்போது சார்ஜில் விட வேண்டாம். முழுதாகச் சார்ஜ் ஆனதும் கழற்றிவிடுங்கள். வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு உடனே சார்ஜ் போடாமல் ஆற விடுங்கள்.

பேட்டரி உப்பினாலோ, விநோதமான வாடை வந்தாலோ, உஸ் என்று சத்தம் கேட்டாலோ, தொட முடியாதபடி சுட்டாலோ அதற்கு மேல் பயன்படுத்தக் கூடாது. புகை வந்துவிட்டால் அணைக்கப் பார்க்காதீர்கள். வண்டியைக் காப்பாற்றவும் முயல வேண்டாம். வீட்டில் உள்ள எல்லோரையும் வெளியே கூட்டி வந்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு, தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112 எண்ணுக்கு போன் செய்யுங்கள். அணைந்தது போலத் தோன்றும் லித்தியம் பேட்டரி மறுபடி பற்றுவது உண்டு.

பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். விற்ற கடையிலோ, மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடமோ கொடுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு மின்சார சைக்கிளே வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். பெட்ரோல் இல்லாமல், புகை இல்லாமல், சில்லறைக் காசில் ஓடும் நல்ல வண்டி அது. உங்கள் மேஜை மேல் இருக்கும் லேப்டாப்பை நம்பி மடியில் வைத்துக்கொள்கிறீர்கள். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் திரும்பப் பெறப்பட்ட லட்சக்கணக்கான பேட்டரிகளும், பொடி எழுத்தில் ஒரு பதிவு எண்ணும் இருக்கின்றன. சைக்கிள் வாங்கப் போகும்போதும் குனிந்து அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.